மூக்கால் சோதித்த ஜன்னல்

முப்பத்திரண்டு வயதில் என்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது. ஆம்பூரில் ஜன்னல், கதவுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். பிரசவத்துக்கு விடுப்பு எடுத்தேன். விடுப்பு முடிந்தும் போகவில்லை. இதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

என் நாற்காலியில் இப்போது ரேவதி உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். நேற்று அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"சுதாக்கா, கடைக்குப் புது ஆப் வாங்கியிருக்காங்க. கஸ்டமர் பழைய ஹேண்டில போட்டோ எடுத்து அனுப்பினா, இன்னா மாடல் போடணும்னு அதுவே சொல்லுது. இனிமே பழச கழட்டிக் கொண்டாரச் சொல்ல வேணாம்னு பாய் சொல்லிட்டாரு. நீங்க இன்னாக்கா சொல்றீங்க?"

கூடவே ஒரு படம். வெள்ளை ஜன்னல், வெள்ளைக் கைப்பிடி. ஆப் அந்தக் கைப்பிடியைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு, ஒரு மாடல் எண்ணைக் கொடுத்து, 'பொருத்தம்' என்று சான்றிதழும் கொடுத்திருந்தது.

நான்கு முறை பதில் தட்டினேன். நான்கு முறையும் அழித்தேன். வேலையை விட்டவள் வேலையில் இருப்பவளுக்குப் புத்தி சொல்லலாமா? சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? சொன்னால், 'வீட்டில் சும்மா இருக்கிறாள், பொழுது போகவில்லை' என்று நினைப்பாளோ? ஐந்தாவது முறை எழுதியது நீண்டுவிட்டது. அதுதான் இது.

ஜன்னலுக்கு மாற்றுக் கைப்பிடி வாங்குவதைச் சட்டைப் பித்தான் வாங்குவது போல நினைக்கிறவர்கள்தான் ஊரில் முக்கால்வாசி. பித்தானுக்காவது துளை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். கைப்பிடிக்கு அதுவும் கிடையாது. "ஒயிட்ல ஒண்ணு குடுங்க" என்பார்கள். "கோல்டு இருக்கா? கர்ட்டனுக்கு மேட்ச் ஆகணும்" என்பார்கள். ஷூ கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்தவர், கைப்பிடியை அடிஸ்கேலால் அளந்து, "அஞ்சு இன்ச்" என்று தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்தார். கண்ணுக்குக் கண்ணாடி வாங்கப் போகிறவர் பார்வையைச் சோதிக்காமல் மூக்கின் நீளத்தை அளந்துகொண்டு போவது போல.

கைப்பிடியில் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் வெறும் அலங்காரம். விஷயம் முதுகில் இருக்கிறது. இப்போதைய யூபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல்களில் கைப்பிடியின் முதுகிலிருந்து ஒரு சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஸ்பிண்டில் என்போம். அது ஜன்னல் கதவின் சட்டத்துக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் பூட்டுப் பட்டையைத் திருப்ப வேண்டும். பட்டை நகர்ந்தால் கதவின் ஓரத்தில் இருக்கும் குமிழ்கள் நகரும். குமிழ்கள் நிலைச்சட்டத்தில் போய் மாட்டிக்கொண்டால்தான் ஜன்னல் பூட்டியதாக அர்த்தம். சட்டத்தின் தடிமனுக்குத் தக்கபடி அந்தக் கம்பியின் நீளம் மாறும். பத்து மில்லி குறைந்தால் கைப்பிடி அழகாகத் திரும்பும், 'டக்' என்று சத்தமும் போடும், உள்ளே ஒன்றும் நடக்காது.

இதைப் பி.காம். படிப்பில் சொல்லித்தரவில்லை. வேலூரில் பட்டம் வாங்கிக்கொண்டு பில் போடச் சேர்ந்தவள் நான். ஆறு மாதத்தில் ஜன்னல் பிரிவுக்கு மாற்றினார்கள். முதல் வருடம் முழுக்க வலக்கைப் பிடிக்கும் இடக்கைப் பிடிக்கும் வித்தியாசம் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதேன். இரண்டாம் வருடம் அழவில்லை. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

கடையின் மேனேஜர் அன்வர் பாய். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் அளவி. கவுன்டரின் மேல் அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு கறுப்புத் தோல் துண்டு விரித்திருக்கும். பழைய கைப்பிடியை அதன் மேல்தான் வைக்க வேண்டும். வைத்ததும் உடனே தொடமாட்டார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு கவிழ்ப்பார். கம்பியை மூன்று முறை அளப்பார். திருகுகளுக்கு நடுவே இடைவெளி, ஒரு முறை. எந்தக் கை, ஒரு முறை. ஒவ்வொன்றையும் எனக்குச் சொல்வார், நான் எழுதி, திரும்ப வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது தவறினால் முதலிலிருந்து.

இன்று ஆப்புக்குத் தலையாட்டும் இதே பாய், அப்போது போனை நீட்டியவர்களை நடத்திய விதமே தனி.

"இன்னா இது?"

"போட்டோ, பாய்."

"போட்டோவ வெச்சி பொண்ணு பாக்கலாம். ஹேண்டில் பாக்க முடியாது. போய்க் கழட்டினு வாங்க."

மாதனூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கைப்பிடியைக் கழற்றத் தெரியாமல், ஜன்னல் கதவையே கழற்றி டிவிஎஸ் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடையே சிரித்தது. அன்வர் பாய் சிரிக்கவில்லை. எழுந்து போய் அவருக்கு நாற்காலி போட்டார். "பாருங்கம்மா, இவருதான் படிச்சவரு" என்று என்னிடம் சொன்னார். அப்போது கவுன்டரில் போனும் கையுமாக நின்றிருந்த இரண்டு இன்ஜினியர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

இன்னொருவர் பித்தளைக் கைப்பிடிதான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிப் போனார். வேண்டாம், இந்தக் காற்றுக்கு நிற்காது என்று நான் இரண்டு தரம் சொன்னேன். "எங்க வீட்டு அழகு உனக்குத் தெரியாதும்மா" என்றார். மூன்றே மாதத்தில் கரிக்கட்டையாகி வந்தது.

"டூப்ளிகேட் குடுத்துட்டீங்க பாய்!"

"அண்ணே, வீட்ல வெள்ளிக் கொலுசு இருக்குதா?"

"இருக்குது."

"கறுக்குதா?"

"அது கறுக்கும்தான்."

"அதையும் நான்தான் வித்தனா?"

தோல் பதனிடும் ஷெட்டுகளை ஒட்டிய தெருக்களில் இதுதான் நிலைமை. முலாம் உதிரும், சாதாரணத் திருகு துருவேறிக் குழைந்துபோகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு இல்லாமல் நான் ஒரு கைப்பிடியும் கொடுத்ததில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வருகிறேன்.

அன்வர் பாயின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவருடைய 'மூக்கு டெஸ்ட்' மேல் கிடையாது. இப்போது கிடையாது என்று சொல்ல வேண்டும். அப்போது நானும் கைதட்டியவள்தான்.

எங்கள் பக்கத்தில் ஜன்னலை யாரும் காற்றுக்காக வாங்குவதில்லை, மூடுவதற்காக வாங்குகிறார்கள். காற்று தோல் ஷெட்டுக் கழிவு ஓடும் கால்வாய்ப் பக்கமிருந்து திரும்பினால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் ஜன்னல்கள் அடைபடும் சத்தம் கேட்கும். அதனால் கைப்பிடி மாட்டி முடித்ததும் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வீட்டுப் பெண்மணியை ஜன்னலோரம் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, மூச்சை இழுக்கச் சொல்வார். "நாத்தம் வருதாம்மா?" "இல்ல பாய்." "அப்ப ஜன்னல் மூடியாச்சு!" அந்த வீடு கைதட்டும். பக்கத்து வீடு மறுநாள் கடைக்கு வரும். எங்கள் ஃபிட்டர் சேகர் அண்ணனும் இதையே பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதில், கையில் ஸ்க்ரூ டிரைவருடன், மந்திரவாதி மாதிரி. ஜன்னல் நன்றாக மூடியதா என்று கேட்க மூக்கைவிடப் பொருத்தமான உறுப்பு கிடையாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். படித்த நானும் நம்பினேன். ஜன்னல் மூடுவது வேறு, பூட்டுவது வேறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஷபானா என்ற பெண் போன் செய்தது நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புது வீடு, மூன்றாவது மாடி. மலை தெரிய வேண்டும் என்று யாரோ டிசைனர் சொன்னதைக் கேட்டு ஜன்னலுக்குக் கிரில் போடவில்லை. மலை நன்றாகத்தான் தெரிந்திருக்கும். அந்த டிசைனருக்குக் குழந்தை இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

"மேடம், பையனுக்கு ரெண்டு வயசு. பெட்டு மேல ஏறி ஹேண்டில திருப்பக் கத்துக்கிட்டான். துப்பட்டா போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். சாவி போட்ற ஹேண்டில் இருக்குதாமே, அது வேணும். இன்னைக்கே வேணும்."

"பழச கழட்டிக் கொண்டாங்க, அளந்துட்டுத் தர்றோம்."

"கழட்டினா ஜன்னல் தொறந்தே கெடக்குமே மேடம்! இவன் ஒருத்தன வெச்சிக்கிட்டு நான் எப்டி கடைக்கு வருவேன்? நாத்தம் வேற."

நியாயமான கேள்வி. சேகர் அண்ணனை அனுப்பி அளந்துவரச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அன்றும் மறுநாளும் வேலை நிறைந்திருந்தது. அளக்க ஒரு தடவை, மாட்ட ஒரு தடவை என்றால் மூன்று நாள் ஆகும். மூன்று நாள் அந்தக் குழந்தை ஒரு துப்பட்டாவை நம்பி இருக்க வேண்டும். நான் என் வயிற்றைத் தடவிக்கொண்டே, "சரி, போட்டோ அனுப்புங்க" என்றேன்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நல்லது செய்வதாக நினைத்துச் செய்தேன். தவறு செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்பதால் இதற்கு மதிப்பெண் கேட்கவில்லை.

படம் தெளிவாக இருந்தது. ஊரில் நூறு வீட்டில் பார்த்த அதே கைப்பிடி. அந்த ரகத்துக்கு முப்பத்தைந்து மில்லிக் கம்பி. முப்பத்தைந்து கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வேறு வேலைக்கு நடுவில் சேகர் அண்ணன் போய் மாட்டிவிட்டு வந்தார்.

"இன்னா ஆச்சுண்ணே?"

"சூப்பர்மா. மூக்கு பாஸ்."

அந்த வீட்டில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் கைப்பிடியைக் கழற்றினார். திறந்ததும் கால்வாய்க் காற்று உள்ளே வந்தது. சமையலறையிலிருந்து ஒருவர், கூடத்திலிருந்து ஒருவர், "மூடுங்க, மூடுங்க" என்று சத்தம். அவசர அவசரமாகப் புதியதைத் திருகிவிட்டு, கதவை இழுத்து அடைத்து, கைப்பிடியைத் திருப்பி, சாவி போட்டார். பழையதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டார். ஷபானா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். நாற்றம் இல்லை. ரப்பர் புதுசு, கதவு இறுக்கம், எப்படி வரும்?

கழற்றிய கைப்பிடிகள் கடைக்கு வந்து ஒரு பெட்டியில் விழும். மறுநாள் காலை அந்தப் பெட்டியைப் பிரிக்கும்போது ஷபானா வீட்டிலிருந்து வந்தது கையில் நீளமாக இடித்தது. பாயின் வெர்னியரை வாங்கி அளந்தேன். நாற்பத்தைந்து. திரும்ப அளந்தேன். மூன்றாவது முறையும் அளந்தேன். அந்த வீட்டு ஜன்னல் வேறு கம்பெனியுடையது, தடித்த சட்டம். கைப்பிடியின் முகம் மட்டும் ஒன்று.

"பாய், ஷபானா வீட்டுக்குக் கம்மி கம்பி போயிடுச்சு."

"மூக்கு பாஸ்தானே?"

"பாஸ்தான் பாய், ஆனா பட்டை வரைக்கும் எட்டியிருக்காது."

"எட்டாம எப்டிம்மா நாத்தம் நிக்கும்? வயித்துப் புள்ளக்காரி, ஜாஸ்தி யோசிக்காத. பேஜாரு."

ஒரு நிமிடம் நானும் அதை நம்பப் பார்த்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான், அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறவள்தான். இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம். ஷபானாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. சேகர் அண்ணனுக்குப் போன் செய்து, நாற்பத்தைந்து மில்லிக் கைப்பிடி ஒன்றைக் கவுன்டரில் வைக்கிறேன், எடுத்துக்கொண்டு அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

கதவைத் திறந்த ஷபானா பதறினாள். "இன்னா மேடம், இந்த வயித்த வெச்சிக்கினு மூணு மாடி ஏறி..."

"பையன் எங்க?"

"உள்ள, பெட்ல. லாக்தான் போட்டாச்சே, இன்னைக்குத்தான் நிம்மதியா விட்டேன்." கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினாள். தாலிக்கருகமணிக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிச் சாவி தொங்கியது.

பையன் கட்டில் மேல் நின்றுகொண்டிருந்தான். இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில். நெற்றியும் கண்ணாடியில். கீழே போகும் கம்பெனி பஸ்ஸைப் பார்த்து, "பஸ்சு, பஸ்சு" என்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அவன தூக்குங்க."

"ஏன் மேடம்?"

"மொதல்ல தூக்குங்க."

அவள் தூக்கினாள். நான் கட்டிலில் முழங்கால் போட்டு ஏறி, பூட்டிய ஜன்னல் கதவை ஒரே ஒரு விரலால் தள்ளினேன். திறந்தது. ரப்பரிலிருந்து பிரியும் சின்னச் சத்தம், அவ்வளவுதான். கைப்பிடி பூட்டிய நிலையிலேயே கதவோடு சேர்ந்து வெளியே போனது. மலை தெரிந்தது. நாற்றம் உள்ளே வந்தது, ஒரு நாள் தாமதமாக.

ஷபானா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இத மாட்டிக்கினு துப்பட்டாவ அவுத்துட்டேன் மேடம்."

அந்தத் துப்பட்டாவையே வாங்கி, கைப்பிடியையும் கட்டில் காலையும் சேர்த்துக் கட்டினேன். அதையும் நம்பாமல், சேகர் அண்ணன் வரும்வரை ஒன்றரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷபானா பையனை மடியில் இறுக்கிக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். யார் வந்தாலும் டீ வைக்கும் வீடு அது. எனக்கு டீ வரவில்லை. வந்திருந்தால் குடித்திருக்கமாட்டேன்.

புதுக் கைப்பிடி மாட்டும்போது ஜன்னல் அகலத் திறந்தே இருந்தது. கால்வாய்க் காற்று வீடு முழுக்க நிறைந்தது. "மூடுங்க" என்று யாரும் சொல்லவில்லை. சேகர் அண்ணன் கைப்பிடியைத் திருப்பினார். கதவின் ஓரத்தில் குமிழ்கள் நகர்ந்தன. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஷபானா சத்தமாக எண்ணினாள். "இன்னொரு வாட்டி திருப்புங்கண்ணே" என்றாள். திருப்பினார். மறுபடி எண்ணினாள். எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. பிறகு மூடி, பூட்டி, மூவரும் மாறி மாறித் தள்ளிப் பார்த்தோம்.

"நேத்து மூக்க வெச்சிப் பாத்தீங்க," என்றாள் கடைசியாக. "கை இல்லையா உங்களுக்கு?"

சேகர் அண்ணன் கழற்றிய கைப்பிடியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். ஒரு வாரம் மூக்கு டெஸ்ட் நின்றது. அடுத்த வாரம் ஒரு வாடிக்கையாளரே, "பாய், அந்த மூச்சு இழுக்கறது பண்ணலியா?" என்று கேட்டார். மறுபடி ஆரம்பமாகிவிட்டது. குமிழ் நகர்வதைப் பார்த்து யார் கைதட்டப் போகிறார்கள்?

நான் விடுப்பில் போன அன்று கேக் வெட்டினார்கள். அன்வர் பாய் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "ஒம்போது வருசத்துல இந்தப் பொண்ணு எடுத்துக் குடுத்த ஹேண்டில் ஒண்ணு கூடத் திரும்பி வந்ததில்ல." கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அந்த முப்பத்தைந்து மில்லிக் கைப்பிடி அப்போது என் கைப்பையில் இருந்தது. ஷபானா வீட்டிலிருந்து எடுத்து வந்ததைப் பெட்டியில் போடவும் இல்லை, கணக்கில் காட்டவும் இல்லை. குழந்தைக்காக வேலையை விட்டேன் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எந்தக் குழந்தைக்காக என்று யாரும் கேட்டதில்லை.

அது இப்போது எங்கள் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது. என் மகள் நிலா அதை எடுத்துத் திருப்பித் திருப்பி விளையாடுவாள். 'டக்'. "பூட்டித்தேம்மா" என்பாள். மறுபடி 'டக்'. அருமையான சத்தம். ஆட்சேபணையே சொல்ல முடியாது. எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குக் கிரில் உண்டு. ஆனாலும் நான் தினமும் ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிப் பார்க்கிறேன். என் கணவர், "இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சுதா?" என்று கேட்பார். கேட்கட்டும்.

ரேவதி, நீ அனுப்பிய படத்தை ஐந்தாவது தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். ஆப் கைப்பிடியைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறது. சட்டத்தின் தடிமன் அதற்குத் தெரியாது. முதுகில் எவ்வளவு கம்பி என்று தெரியாது. அதைவிட, கட்டத்துக்கு வெளியே இருப்பதை அது பார்க்கவே இல்லை. கீழே மூலையில் கட்டில் விளிம்பு தெரிகிறது. அதன் மேல் ஒரு பால் பாட்டில் கிடக்கிறது.

இவ்வளவு நீளத்தையும் அனுப்பவில்லை. இதை மட்டும்தான் கடைசியில் அவளுக்கு அனுப்பினேன்: 'பால் பாட்டிலைப் பார். பழசைக் கழற்றி அளக்காமல் அந்த வீட்டுக்கு எதுவும் அனுப்பாதே. ஜன்னலைத் திறந்து வைத்துக் குமிழை எண்ணச் சொல்.'

உடனே பதில் வந்தது. "பாய் கிட்ட கேட்டுட்டு சொல்றேன்கா."

கேட்பாள். அவரும் சொல்வார், ஜாஸ்தி யோசிக்காதே என்று. அதனால் நிலாவுக்குச் செருப்பு போட்டுவிட்டேன். அவள் கையிலிருந்து அந்தக் கைப்பிடியை வாங்க ஒரு பிஸ்கட் செலவாயிற்று. ஆட்டோ வாசலில் நிற்கிறது. கவுன்டரில் அந்தத் தோல் துண்டு இன்னும் விரித்திருந்தால் அதன் மேல் இதைக் கவிழ்த்து வைப்பேன். ஒன்று திரும்பி வந்திருக்கிறது, பாய். அளந்து பாருங்கள்.